குலுக்கல் கூப்பனும் இரண்டாவது நம்பரும்

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள்

சாந்தி அத்தை: காலையிலிருந்து ஏழு போன். மணவறை அலங்காரமாம், மேளமாம், தாம்பூலப் பை மொத்த விலையாம். கவிதா கல்யாணத் தேதி சொந்தக்காரர்களுக்கே இன்னும் முழுசாகச் சொல்லவில்லை, இவர்களுக்கு யார் சொன்னது?

திவ்யா: நீங்கள்தான் அத்தை. பட்டு எடுத்த அன்று குலுக்கல் கூப்பன் எழுதினீர்களே, அதில் பெயர், நம்பருக்குக் கீழே ‘திருமண நாள்’ என்று ஒரு கட்டம் இருந்தது.

சாந்தி அத்தை: ஸ்கூட்டர் பரிசு என்று போட்டிருந்தது. ஐந்து கூப்பன் கொடுத்தார்கள், ஐந்திலும் குண்டு குண்டாக எழுதினேன்.

முருகன் சித்தப்பா: ஸ்கூட்டர் வந்ததா?

சாந்தி அத்தை: மேளக்காரர்தான் வந்தார் அண்ணா.

கார்த்திக்: அத்தை, இதற்காகத்தான் நான் தனியாக ஒரு சிம் வைத்திருக்கிறேன். கடை பில், டெலிவரி, பழைய கட்டில் விற்கப் போட்ட விளம்பரம், வீடு பார்க்கும்போது புரோக்கருக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். பழைய போனில் போட்டு சைலன்டில் விட்டுவிடுவேன், ராத்திரி ஒரு தடவை எடுத்துப் பார்ப்பதோடு சரி. ஒரே போன் என்றாலும் பரவாயில்லை, வாட்ஸ்அப்பிலேயே இப்போது இரண்டு கணக்கு வைக்கலாம்.

முருகன் சித்தப்பா: அதற்கு ஒரு ரீசார்ஜ் தண்டம். பில் போட நம்பர் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023லேயே நுகர்வோர் துறை கடைகளுக்குச் சொல்லியாயிற்று. நான் தர மாட்டேன் என்பேன்.

திவ்யா: சொன்னால் ‘சிஸ்டம் எடுக்காது சார்’ என்பார்கள், பின்னால் வரிசையில் நிற்பவர் உச்சுக் கொட்டுவார். ஒருநாள் கடுப்பில் பத்து இலக்கமும் ஒன்பதாகவே சொன்னேன் சித்தப்பா. பில் போடும் பெண் அசராமல், ‘இந்த நம்பரில் பாயின்ட் இருக்கிறதே மேடம், கழித்துக்கொள்ளவா?’ என்கிறாள் 😂

பெரியம்மா: கார்த்தி, பேங்குக்கு எந்த நம்பர் கொடுத்திருக்கிறாய்?

கார்த்திக்: பழைய நம்பர்தான் பெரியம்மா. பேங்க், ஆதார், கேஸ் எதையும் இரண்டாவது நம்பரில் கட்டவே கூடாது. ரீசார்ஜ் மறந்து 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் இணைப்பை எடுத்துவிடுவார்கள், ப்ரீபெய்டில் 20 ரூபாயாவது இருப்பு இருந்தால்தான் தப்பும். அப்புறம் கொஞ்ச நாளில் அதே நம்பர் வேறு யாருக்காவது போய்விடும், நம் ஓடிபி அவர் கைக்குப் போகும்.

திவ்யா: என் தோழிக்கு நடந்தது. அவள் விட்ட நம்பரை வாங்கியவர் பாவம், அவள் ஆர்டர் செய்த குக்கர் எங்கே என்று டெலிவரிப் பையனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாந்தி அத்தை: இரண்டு சிம் வைத்தால் போலீஸ் கேஸ் ஆகாதா?

கார்த்திக்: ஆகாது அத்தை, ஒருவர் பெயரில் 9 வரைக்கும் வைக்கலாம். அதுவும் அடையாளச் சான்று காட்டி வாங்குவதுதான், கடைக்காரனிடமிருந்து ஒளியலாம், அரசாங்கத்திடமிருந்து இல்லை. இப்போதைக்கு 1909க்கு அடித்து விளம்பர அழைப்பை நிறுத்தச் சொல்லுங்கள். ஆனால் மேளக்காரர் சொந்த நம்பரில் கூப்பிடுகிறார், அவரை நீங்களேதான் பிளாக் செய்ய வேண்டும். சித்தப்பா, அரசாங்கத்தின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா?

முருகன் சித்தப்பா: என் பெயரில் எதற்கு இருக்கப்போகிறது, ஒன்றுதான். இரு, பார்க்கிறேன்.

முருகன் சித்தப்பா: மூன்று காட்டுகிறது!! ஒன்று என்னுடையது, ஒன்று சின்னவன் டேப்லெட்டில் இருப்பது. 47ல் முடிகிற இன்னொன்று யாருடையது? எவனோ என் ஆதாரை வைத்து வாங்கியிருக்கிறான். ‘என்னுடையது இல்லை’ என்று ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்திவிடவா?

பெரியம்மா: தம்பி, அழுத்தாதே, அழுத்தாதே!! அது என் நம்பர். உங்கள் அண்ணன் ஊரில் இல்லாதபோது நீதான் கடைக்குக் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்தாய். பென்ஷன் மெசேஜ் எல்லாம் அதில்தான் வருகிறது.

முருகன் சித்தப்பா: சரி அண்ணி, போனைக் கீழே வைத்துவிட்டேன்.