உயர்தரம் எழுதிய பிள்ளைகளை முதன்முதலாக வேலைக்குச் சேர்க்கிறோம்: எப்படிப் பழக்குவது?

உப்புவெளி விடுதி:
வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் எட்டு அறைகள் கொண்ட சிறிய விடுதியொன்றை நடத்துகிறேன். எங்கள் கரையில் ஏறக்குறைய ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைதான் கடல் அடங்கியிருக்கும்; வருட வருமானமும் பெரும்பாலும் அந்த மாதங்களிலேயே வருகிறது. இம்முறை உயர்தரப் பரீட்சை எழுதிய மூன்று பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறேன். சென்ற வருடம் சேர்ந்த தம்பி ஒருவர் பதினொரு நாட்களில் சொல்லாமலே நின்றுவிட்டார். தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் அவர் அதை எடுக்காமல் என்னையே திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றதும், எடுத்து என்ன பேச வேண்டுமென்று நான் ஒருநாளும் சொல்லிக்கொடுக்காததும் இப்போது மனதை உறுத்துகின்றன. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

கொட்பே போட் எஞ்சின்:
அண்ணா, மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்தும் பட்டறை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தவர்கள் மட்டுமே கை உயர்த்திப் பழகிய பிள்ளைகளிடம் "விளங்கியதா?" என்று கேட்டால், விளங்காவிட்டாலும் "ஓம்" என்றே சொல்வார்கள். அப்படித் தலையாட்டிய ஒருவர், எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கை முதலில் விரலால் சில சுற்றுகள் திருகாமல், நேரே ஸ்பானரைப் போட்டு இறுக்கியதில், அது சரிந்து ஏறி அலுமினியத்தின் புரியையே அறுத்துவிட்டது. அந்தச் செலவை அவருடைய சம்பளத்தில் நான் கழிக்கவில்லை. அன்றிலிருந்து "விளங்கியதா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "ஒருமுறை எனக்குச் செய்து காட்டுங்கள்" என்கிறேன். நீங்களும் வெளியிலிருந்து விடுதிக்கு அழைப்பெடுத்து, அறை கேட்கும் விருந்தினரைப் போலப் பேசிப் பாருங்கள். நான்கு முறை பேசினால் கூச்சம் போய்விடும்.

நிலாவெளி வாசகி:
என்னுடைய முதல் வேலையில் ஏழு மாதங்களாக நியமனக் கடிதமும் தரவில்லை, ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியும் கட்டவில்லை. அப்படியொரு நிதி இருப்பதே எனக்குத் தெரியாததால் நான் கேட்கவுமில்லை. தற்காலிக ஊழியருக்கும் அந்த உரிமை உண்டு. ஆகவே முதல் மாதச் சம்பளச் சீட்டைக் கையில் கொடுத்து, சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் ஊழியர் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி தனியாகச் செலுத்தும் 3 வீதம் என்று பக்கத்தில் அமர்ந்து விளக்குங்கள். சேர்த்தவர்களில் பெண்பிள்ளைகள் இருந்தால், வேலை முடியும் நேரத்தைக் கடைசி பஸ்ஸைப் பார்த்தே தீர்மானியுங்கள். பெற்றோரை ஒருநாள் அழைத்து இடத்தைக் காட்டுங்கள். எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகள் வேலையை விட்டு நிற்பது வீட்டாரின் பயத்தினால்தான் என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்:
அவர்கள் செய்த வேலைகளைத் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதவைத்து, வாரந்தோறும் கையொப்பமிடுங்கள். வேலைத்தளத்தில் பெற்ற திறனைச் சான்றுகளுடன் காட்டி மதிப்பீட்டுக்குத் தோற்றினாலும் என்.வி.கியூ எனும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம்; அப்போது அந்தக் கொப்பி கைகொடுக்கும்.

உப்புவெளி விடுதி:
மூவருக்கும் நன்றி. கொப்பிகளை இன்றே வாங்குகிறேன். சந்தேகம் கேட்பதற்கென்று ஒருவரைக் குறித்துக் கொடுக்க விரும்புகிறேன். அது நானாகவே இருக்கலாமா?

கொட்பே போட் எஞ்சின்:
வேண்டாம் அண்ணா. சம்பளம் கொடுப்பவரிடம் "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லப் பிள்ளைகள் தயங்குவார்கள். இரண்டு வருடம் முன்னதாகச் சேர்ந்த, பொறுமையான ஒருவரைக் குறித்துக் கொடுங்கள். அந்த நேரத்துக்காக அவருடைய மற்ற வேலைகளில் கொஞ்சத்தைக் குறைத்தும் விடுங்கள்.