அது ராஜுலாதான், ரோனா என்பவர்கள் எழுத்தை எண்ணிவிட்டு வரவும்

ராஜுலா பேரன்:
நேற்று நம் குழுவில் நான் ஏற்றிய ராஜுலா கப்பல் படத்தின் கீழே துறைமுகத்தூண் வந்து "இது ராஜுலா இல்லை, ரோனா. தலைப்பைத் திருத்தவும்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எதை வைத்துச் சொல்கிறார் என்று ஒரு வார்த்தை கிடையாது. அதற்குப் பலர் கைதட்டி வேறு இருக்கிறார்கள். அங்கே பதில் சொன்னால் அடியில் புதைந்துபோகும், அதனால் தனியாகவே தொடங்குகிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை அகலம்தான் இருக்கும், ஓரமெல்லாம் பல்பல்லாக வெட்டியது, இருண்ட இடங்களில் வெள்ளி பூத்துச் சாய்த்துப் பார்த்தால் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. கரையை விட்டுத் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல். கறுப்பு உடம்பில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு, கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டை. பக்கத்து ஏணியில் தலைச்சுமையோடு ஆட்கள் ஏறுகிறார்கள், கீழே படகு ஆடுகிறது. முன்பக்கம் அணியத்தில் கப்பலின் பெயர். மங்கல்தான், ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஆங்கில எழுத்து ஆறு எண்ண முடிகிறது. ராஜுலாவுக்கு (RAJULA) ஆறு, ரோனாவுக்கு (ROHNA) ஐந்து. இதற்கு மேல் என்ன வேண்டும்? என் தாத்தா பினாங்கில் கடை வைத்திருந்தவர், படம் அவருடைய டிரங்குப் பெட்டியில் இருந்தது. அவர் போய்வந்த கப்பலின் பெயரை வேறு யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

துறைமுகத்தூண்:
தம்பி, கோபம் எதற்கு? விளக்கம் கேட்டீர்கள், தருகிறேன். இரண்டுமே பிரிட்டிஷ் இந்தியா என்ற கப்பல் கம்பெனியின் கப்பல். இரண்டும் 1926இல் ஓடத் தொடங்கியவை, இரண்டும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஓடியவை. ராஜுலாவைக் கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் கட்டினார்கள், ரோனாவை டைன் ஆற்றங்கரையில் ஹாதார்ன் லெஸ்லி கட்டினார்கள். கம்பெனிக்கு ஒரே சாயம், ஒரே புகைபோக்கி. அதனால் வெள்ளைக் கோடு, இரட்டைப் பட்டை எல்லாம் கணக்கில் வராது. மிச்சம் பெயர் ஒன்றுதான். நீங்கள் ஏற்றிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஐந்து எழுத்துதான் தெரிகிறது. இரண்டாவது எழுத்து வட்டமாக இருக்கிறது. ராஜுலாவில் இரண்டாவது எழுத்து வட்டமா?

ராஜுலா பேரன்:
அந்த வட்டம் எழுத்து இல்லை ஐயா, நங்கூரச் சங்கிலி வரும் துளையிலிருந்து வடிந்த துருக்கறை. எழுத்து அதற்கு அடுத்துத் தொடங்குகிறது. நீங்கள் பார்த்தது கைப்பேசியில், சுருக்கிய படத்தில். நான் பார்ப்பது அசலை, அதுவும் 1200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளி என்று ஸ்கேன் செய்ததை. ஆறு எழுத்து. மறுபடி சொல்கிறேன், ஆறு.

கொதிகலன்:
சண்டையே வேண்டாம் என்று அந்தப் படத்தைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டுத் துலக்கி, வண்ணமும் சேர்த்துவிட்டேன். கீழே இருக்கிறது, எல்லோரும் பாருங்கள். பெயர் பளிச்சென்று தெரிகிறது. ஐந்து எழுத்து. தூண் அண்ணன் சொன்னதுதான் சரி.

ராஜுலா பேரன்:
யாரைக் கேட்டு என் படத்தில் கை வைத்தீர்கள்? புகைபோக்கியைச் சிவப்பாக்கி வைத்திருக்கிறீர்கள்! பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் புகைபோக்கி கறுப்பு, இரண்டு வெள்ளைப் பட்டை. இது கப்பல் படம் சேர்க்கிற யாருக்கும் முதல் நாளே தெரிகிற விஷயம். பட்டையையே பார்க்கத் தெரியாத மென்பொருள் எழுத்தை மட்டும் எப்படிச் சரியாகப் படித்தது? அது மங்கலைத் துலக்காது. தான் பார்த்துப் பழகிய ஆயிரக்கணக்கான படங்களை வைத்து, இங்கே இப்படி ஓர் எழுத்து இருக்கலாம் என்று ஊகித்து வரைந்துவிடும். படத்தாளின் வெள்ளிக்குருணையில் இல்லாததை எந்த மென்பொருளும் வெளியே எடுக்க முடியாது. நாளைக்கு இந்தச் சிவப்புப் புகைபோக்கிதான் வாட்ஸாப் முழுக்கச் சுற்றும், பத்து வருடம் கழித்து எவனாவது இதையே ஆதாரம் என்று கொண்டுவந்து நீட்டுவான். உடனே அழியுங்கள்.

கொதிகலன்:
உதவி செய்ய வந்தவனுக்கு இதுதான் மரியாதையா? சிவப்பு தப்பாக இருக்கட்டும், எழுத்து ஐந்துதானே? அதற்குப் பதில் வரவில்லை.

ராஜுலா பேரன்:
ஆறு.

நாகூர்க்காரன்:
நானும் ஒரு வார்த்தை சொல்லலாமா? எழுத்தை விட்டுவிட்டு இடத்தைப் பாருங்கள். இது நாகப்பட்டினம்தான், சந்தேகமே இல்லை. சென்னையில் ராஜுலா துறைமுகத்துக்குள்ளே போய் நிற்கும், கரையிலிருந்தே ஏறலாம். எங்கள் ஊரில் பெரிய கப்பல் கரைக்கு வராது, ஆழம் கிடையாது. வெளியே திறந்த கடலில் நிற்கும், ஆளும் சரக்கும் படகில்தான் போக வேண்டும். அலை இருக்கிற நாளில் படகு மேலே தூக்கும்போது ஏணியைப் பிடித்தால்தான் உண்டு. படத்தில் ஏணியின் கடைசிப் படிக்கட்டில் ஒருவர் ஒரு காலைப் படகிலும் ஒரு காலைப் படியிலும் வைத்து நிற்கிறார் பாருங்கள், பின்னால் ஒரு கை அவர் முதுகைத் தாங்குகிறது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்லிச் சொல்லிக் கேட்ட காட்சி இது. எந்தக் கப்பலாக இருந்தாலும் இந்தப் படம் எங்கள் ஊருக்குப் பொக்கிஷம். படத்தின் பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா பேரன்?

ராஜுலா பேரன்:
நல்ல கேள்வி கேட்டீர்கள். பின்னால் பென்சிலில் "நாகை 48" என்று தாத்தா கையெழுத்தில் இருக்கிறது. ரோனா 1943 நவம்பர் 26ஆம் தேதி அல்ஜீரியக் கடலில், ஜெர்மானிய விமானம் ஏவிய வழிகாட்டு குண்டு பட்டு மூழ்கிவிட்டது. 1,138 பேர் செத்தார்கள், அதில் 1,015 பேர் அமெரிக்கச் சிப்பாய்கள். மூழ்கிய கப்பல் 1948இல் நாகப்பட்டினத்தில் வந்து ஆள் ஏற்றியதா? துறைமுகத்தூண் பதில் சொல்லட்டும்.

துறைமுகத்தூண்:
பின்பக்கத்தையும் ஏற்றுங்கள் என்று நேற்றே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. இப்போது ஏற்றியிருப்பதைப் பார்த்தேன். அது 48 இல்லை, 38. அந்தக் காலத்துப் பெரியவர்கள் மூன்றின் தலையைத் தட்டையாகப் போட்டுக் கீழே இழுப்பார்கள், நான்கு மாதிரிதான் தெரியும். 1938 என்றால் ரோனா உயிரோடு ஓடிக்கொண்டிருந்த காலம். அணியத்தில் ஐந்து எழுத்து, பின்னால் 38. இரண்டும் பொருந்துகிறது.

பழம்படம்:
ஆண்டு பற்றி ஒன்று. 1938 நடுவில் இந்திய அரசு மலாயாவுக்குத் தோட்டக் கூலிகளை அனுப்புவதை நிறுத்திவிட்டது. படத்தில் இவ்வளவு கூட்டம் ஏறுகிறது. அதனால் 38 என்பது இடிக்கிறது. பல்வெட்டு ஓரத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, முப்பதுகளிலும் உண்டு, அறுபது வரைக்கும் உண்டு.

துறைமுகத்தூண்:
தடை தோட்டத்துக்கு ஆள் கட்டி அனுப்புவதற்கு. சொந்தக் காசில் டெக் (கப்பல் தளம்) டிக்கெட் எடுத்துப் போன வியாபாரிகள், கடைச் சிப்பந்திகள், ராமநாதபுரத்துக்காரர்கள், நாகூர் மரைக்காயர்கள் எல்லாம் நிற்கவில்லையே. தவிர தடைக்கு முந்தைய மாதங்களும் 1938தான். இந்தக் கப்பல்கள் 5,000 பேருக்கு மேல் டெக்கில் ஏற்ற உரிமம் வாங்கியவை. ஏணியில் முப்பது பேர் தெரிவதெல்லாம் கூட்டமா?

பழம்படம்:
சரி, அதை விடுங்கள். எனக்கு வேறு ஒரு வருத்தம். பேரன், உங்கள் பெயரைப் படத்தின் நடுவில் இவ்வளவு பெரிதாக வாட்டர்மார்க் போட்டிருக்கிறீர்கள். அது சரியாக அணியத்தின் மேலேயே ஓடுகிறது. ஐந்தா ஆறா என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருப்பது கப்பல் பெயரையா, உங்கள் பெயரையா என்றே எனக்குப் புரியவில்லை. பழைய படத்தைப் பகிர்வது என்றால் முழுதாகப் பகிர வேண்டும். இல்லையென்றால் பெட்டியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

ராஜுலா பேரன்:
ஏன் நடுவில் போடுகிறேன் என்று தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள். போன வருடம் பினாங்குத் துறைப் படம் ஒன்றை ஓரத்தில் சின்னதாகப் பெயர் போட்டு ஏற்றினேன். ஓரத்தை வெட்டிவிட்டு யாரோ ஒரு காணொளியில் போட்டுவிட்டார்கள். இந்தக் குழுவில் இருந்தவர்கள்தான் எடுத்திருக்க முடியும், வேறு எங்கும் நான் அதைப் போடவே இல்லை. யார் என்று எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இப்போது என் படத்துக்குச் சாயம் பூசியவருக்கும் அது தெரியும்.

கொதிகலன்:
நேரடியாகப் பெயர் சொல்லுங்கள். நான் எடுக்கவில்லை. மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. ஒருவரைத் திருடன் என்று சொல்லிவிட்டுக் கப்பல் பற்றிப் பேசுவது எந்த ஊர் நியாயம்?

துறைமுகத்தூண்:
இவர் இப்படித்தான். முன்பு எம்.வி. சிதம்பரம் கப்பலின் படம் ஒன்றை ஸ்டேட் ஆப் மெட்ராஸ் என்ற வேறு கப்பல் என்று போட்டார். அது பாஸ்தர் என்ற பெயரில் 1966இல் பிரெஞ்சுக்காரர்களுக்காகக் கட்டிய கப்பல், எழுபதுகளில்தான் நம் கைக்கு வந்து சிதம்பரம் ஆனது, அதன் தோற்றமே வேறு என்று எழுதினேன். இன்றுவரை அந்தத் தலைப்பு மாறவில்லை. தவறான பெயரோடு ஒரு படம் சுற்றினால் அதைத் தேடி வருகிற குடும்பங்களுக்கு நாம் செய்வது துரோகம். என் பாட்டனும் இந்த வழியில் போனவர்தான். உங்களுக்கு மட்டும்தான் தாத்தா இருந்தாரா?

ராஜுலா பேரன்:
சிதம்பரத்தை இங்கே இழுக்காதீர்கள், அது வேறு இழை, அங்கே என் பதில் அப்படியே இருக்கிறது. இப்போது கேள்வி ஒன்றே ஒன்று. அணியத்தில் எத்தனை எழுத்து? நான் இன்று காலை வெயிலில் ஜன்னலோரம் வைத்து மறுபடி பார்த்தேன். மூன்றாவது எழுத்து கோட்டுக்குக் கீழே வளைந்து இறங்குகிறது. ராஜுலாவின் மூன்றாவது எழுத்துதான் அப்படி வளையும். ரோனாவில் வளைகிற எழுத்து அந்த இடத்தில் கிடையவே கிடையாது.

கொதிகலன்:
நேற்று வரை எழுத்து எண்ணிக்கை, இன்று வளைவா?

ராஜுலா பேரன்:
எண்ணிக்கையும்தான், வளைவும்தான். ஆறு எழுத்து, மூன்றாவது வளைவு.

நாகூர்க்காரன்:
ரோனா என்ற பெயரையே இங்கே ஏதோ வசவு மாதிரி ஆக்கிவிட்டீர்கள். அந்தக் கப்பலில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள், அவர்களிலும் பலர் கடலோடு போனார்கள். போருக்குப் பிறகும் பல வருடம் அந்தச் செய்தியை அமுக்கியே வைத்திருந்தார்கள். ரோனா படம் நாகையில் எடுத்தது ஒன்று கிடைத்தால் அது ராஜுலா படத்தைவிட அரிது. பேரன் ஏன் இதை அவமானமாக எடுத்துக்கொள்கிறார்?

ராஜுலா பேரன்:
அவமானம் என்று நான் சொல்லவே இல்லை. ரோனாவில் போனவர்களுக்கு என் வணக்கம். ஆனால் ராஜுலா 1926 தொடங்கி 1973 வரை ஓடிய கப்பல். இந்திய அரசின் ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றி, 1974இல் பம்பாயில் உடைத்துவிட்டார்கள். அரை நூற்றாண்டு நம் சனத்தைச் சுமந்த கப்பலுக்கு மிஞ்சியது நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் இந்தப் படங்கள்தான். அதையும் ஒற்றை வரியில் வேறு கப்பலுக்கு எழுதிக்கொடுக்க என்னால் முடியாது.

துறைமுகத்தூண்:
அப்படியானால் வாட்டர்மார்க் இல்லாமல் அணியத்தை மட்டும் வெட்டி, 1200 டிபிஐயில், தரம் குறையாத டிஃப் கோப்பாக ஏற்றுங்கள். எல்லோரும் எண்ணட்டும்.

ராஜுலா பேரன்:
முதலில் அந்தச் சிவப்புப் புகைபோக்கியை அழிக்கச் சொல்லுங்கள். அப்புறம் பார்க்கலாம்.

கொதிகலன்:
முதலில் என்னைத் திருடன் என்றதைத் திரும்பப் பெறட்டும். அதுவரை படம் அங்கேயேதான் இருக்கும்.

பழம்படம்:
டிஃப் போட்டாலும் மூலத்தில் மங்கலாக இருந்தால் மங்கல்தான். நெகட்டிவ் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லையே?

ராஜுலா பேரன்:
நெகட்டிவ் இல்லை. தலைப்பும் மாறாது. நாளை இதே பெட்டியிலிருந்து சிங்கப்பூரில் எடுத்த படம் ஒன்றை ஏற்றப்போகிறேன், அதில் கப்பலின் பின்பக்கப் பெயர் தெரிகிறது. அதையும் ஐந்து என்று சொல்கிறவர்கள் இப்போதே சொல்லிவிடலாம்.

துறைமுகத்தூண்:
அது வேறு படம், வேறு பயணம். அதில் ராஜுலா என்றே இருந்தாலும் இதில் ஐந்துதான்.