அபா தொகுப்புகளில் எது உசத்தி: 1992-ன் கோல்டா, 1982-ன் சிங்கிள்ஸா?

தாளக்காரன்:
சுவீடனின் பாப் இசைக் குழுவான அபாவை (பாடகிகள் அக்னேத்தா, ஃப்ரீடா; பாட்டு எழுதி இசையமைத்த பியோர்ன், பென்னி) யாருக்காவது அறிமுகம் செய்ய வேண்டுமென்றால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 1992-ல் வந்த 'கோல்டு' தொகுப்பைத்தான் சொல்கிறார்கள். நல்ல தொகுப்புதான். ஆனால் அதைவிடச் சிறந்தது ஒன்று இருக்கிறது. 1982 நவம்பரில் வந்த இரட்டை எல்.பி., 'தி சிங்கிள்ஸ்: தி ஃபர்ஸ்ட் டென் இயர்ஸ்'. சிங்கிள் என்றால் தனித் தட்டாக வந்த பாட்டு. மொத்தம் 23 பாட்டு. 1973-ன் 'ரிங் ரிங்'கில் தொடங்கி, வெளிவந்த வரிசையிலேயே நகர்ந்து, 1982-ன் 'அண்டர் அட்டாக்'கில் முடிகிறது.

இந்த வரிசை ஏன் முக்கியம்? முதல் ஐந்து பாட்டைக் கேளுங்கள். 'ரிங் ரிங்', 'வாட்டர்லூ', 'ஸோ லாங்', 'ஐ டூ, ஐ டூ', 'எஸ்.ஓ.எஸ்.'. 1974 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிரைட்டனில் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் ஜெயித்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அவர்கள் தடுமாறுவது அப்படியே கேட்கிறது. ஒரு பாட்டு 'வாட்டர்லூ'வின் நகல் மாதிரி, அடுத்தது சாக்ஸஃபோன் வைத்த பழைய காலத்து நடனப் பாட்டு. பிரிட்டனில் இரண்டும் எடுபடவில்லை. அதற்கடுத்து 'எஸ்.ஓ.எஸ்.' வருகிறது. அக்னேத்தாவின் குரலில் முதல் வரி விழும்போதே குழு தன்னைக் கண்டுபிடித்துவிட்டது தெரிகிறது. கோல்டில் 'எஸ்.ஓ.எஸ்.' பத்தாவது பாட்டு. 'மனி, மனி, மனி'க்கும் 'சிக்கிட்டீட்டா'வுக்கும் நடுவில் வந்து போகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு குறை. 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்' முடிந்த கையோடு கோல்டில் 'மனி, மனி, மனி' தொடங்குகிறது. கணவன் மனைவியாக இருந்த பியோர்னும் அக்னேத்தாவும் பிரிந்தபின், பியோர்ன் எழுதி அக்னேத்தா பாடிய பாட்டு 'வின்னர்'. தன் சொந்தக் கதை இல்லை என்று பியோர்ன் சொல்லிவந்தாலும், கேட்கிறவர்களுக்கு அதை அப்படி எடுத்துக்கொள்ள மனம் வராது. அந்தப் பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் மூச்சு விட இடம் வேண்டாமா?

செம்பருத்தி:
வணக்கம் தாளக்காரன். நீங்கள் சொல்வது வரலாற்றுப் பாடத்துக்குப் பொருந்தும். பாட்டுக் கேட்க உட்காருகிறவருக்குப் பொருந்தாது.

கோல்டு 'டான்சிங் குயீ'னில் தொடங்குகிறது. பென்னியின் விரல் பியானோ மேல் சரிந்து இறங்கும் அந்த ஒரு நொடியிலேயே உங்களை உள்ளே இழுத்துவிடுகிறது. அடுத்து ஃப்ரீடாவின் குரலில் 'நோயிங் மீ, நோயிங் யூ'. பிரிவைப் பற்றிய பாட்டு. அடுத்து 'டேக் எ சான்ஸ் ஆன் மீ', அக்னேத்தா. கொண்டாட்டம், துக்கம், மறுபடி கெஞ்சலும் சிரிப்பும். இந்தக் குழுவின் இயல்பே இதுதானே? இனிமையான மெட்டுக்குள் சோகம் இருக்கும், ஆட வைக்கும் தாளத்துக்குள் பயம் இருக்கும். அதை முதல் மூன்று பாட்டிலேயே காட்டிவிடுகிறது.

'வின்ன'ருக்குப் பிறகு 'மனி' வருவது குறை என்றீர்கள். எனக்கு அங்கே குரல் மாறுவதுதான் கேட்கிறது. அக்னேத்தா உடைந்து முடிக்கிறார். ஃப்ரீடா ஏளனமும் கோபமுமாக எழுகிறார். அந்தப் பாட்டும் ஒன்றும் துள்ளல் பாட்டு இல்லை, வேலை செய்து செய்து கையில் ஒன்றும் மிஞ்சாத ஒருத்தியின் புலம்பல். இரண்டு பெண்குரலை அடுத்தடுத்து வைத்துக் கேட்டால்தான் ஒவ்வொன்றின் நிறமும் தெரியும். ஆண்டு வரிசையில் போட்டால் அது தானாக அமைந்தால் உண்டு.

அப்புறம், கோல்டு வந்த நேரத்தையும் பார்க்க வேண்டும். குழு ஓய்ந்து பத்து வருடம் ஆகியிருந்தது. 1992 கோடையில் இரேஷர் குழு அபா பாட்டுகளை மட்டும் பாடி ஒரு தட்டு போட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதே ஜூனில் ஸ்டாக்ஹோம் மேடையில் அயர்லாந்து ராக் குழு யூ2 'டான்சிங் குயீன்' பாடியபோது பென்னியும் பியோர்னும் சேர்ந்துகொண்டார்கள். செப்டம்பரில் கோல்டு வந்தது. அபாவைப் பிடிக்கும் என்று வெளியே சொல்லத் தயங்கிய ஒரு தலைமுறை தைரியமாகச் சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். 2021 ஜூலையில் பிரிட்டன் ஆல்பப் பட்டியலில் 1000 வாரங்களைத் தொட்ட முதல் ஆல்பமும் இதுதான்.

தாளக்காரன்:
விற்பனை ஒரு வாதமே இல்லை, செம்பருத்தி. சிங்கிள்ஸும் பிரிட்டனில் முதலிடம் போன ஆல்பம்தான். அதை வைத்து நான் பேசவில்லை.

பழைய ரெக்கார்டு:
இரண்டு பேருமே 1982-க்கு முன்னால் போக மாட்டேன் என்கிறீர்கள். 1976-ல் பிரிட்டனில் அதிகம் விற்ற ஆல்பம் எது தெரியுமா? அபாவின் முதல் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'. அட்டைப்படத்தை நினைத்துப் பாருங்கள். பூங்கா பெஞ்சில் நான்கு பேர். பென்னி-ஃப்ரீடா ஜோடி முத்தமிட்டுக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் பியோர்ன் செய்தித்தாள் படிக்கிறார், அக்னேத்தா சலிப்போடு வேறெங்கோ பார்க்கிறார். பின்னால் நடந்ததெல்லாம் தெரிந்த நமக்கு அந்தப் படம் என்னென்னமோ சொல்கிறது. அப்போது அது சாதாரண வேடிக்கைப் படம்.

நான் சொல்ல வந்தது வேறு. 1979-ன் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் வால்யூம் 2' என்ன செய்தது? புதுப் பாட்டோடு தொடங்கியது. 'கிம்மி! கிம்மி! கிம்மி!'. அந்த ஆகஸ்டில் பதிவுசெய்த பாட்டு, அக்டோபரில் தொகுப்பின் முதல் பாட்டு. உயிரோடு இயங்கிக்கொண்டிருக்கும் குழு, 'இதுவரை செய்தது இது, இப்போது செய்வது இது' என்று நீட்டிய தட்டு. 'ஈகிள்', 'ஏஞ்சலைஸ்', 'ராக் மீ', 'சம்மர் நைட் சிட்டி' எல்லாம் அதில் உண்டு. கோல்டில் இந்த நான்கில் ஒன்றாவது இருக்கிறதா?

செம்பருத்தி:
இல்லைதான் அண்ணா. ஆனால் 1979-ல் நின்றுவிட்ட தொகுப்பில் 'வின்னர்' இல்லை, 'சூப்பர் ட்ரூப்பர்' இல்லை, 'ஒன் ஆஃப் அஸ்' இல்லை. அவற்றை விட்டுவிட்டு இதுதான் அபா என்று எப்படிக் கொடுப்பது?

பழைய ரெக்கார்டு:
முதல் பாகத்தையும் இரண்டாம் பாகத்தையும் கொடுத்துவிட்டு, 1980-ன் 'சூப்பர் ட்ரூப்பர்', 1981-ன் 'தி விசிட்டர்ஸ்' ஆல்பங்களை முழுசாகக் கொடுங்கள். கடைசி காலத்து அபாவைத் துண்டு துண்டாகக் கேட்கவே கூடாது என்பது என் கட்சி.

ஒலிப்பதிவு:
ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. 1992-ல் வந்த கோல்டு சி.டி.யில் 'தி நேம் ஆஃப் த கேம்' முழுப் பாட்டாக இல்லை. அமெரிக்க வானொலிக்காக வெட்டிய பதிப்பைப் போட்டிருந்தார்கள். இரண்டாவது சரணத்தில் பாதி காணோம். அபா செய்ததிலேயே மிக நுணுக்கமாகக் கட்டிய பாட்டு அது. மெதுவான பேஸ் கிட்டார் தொடக்கம், இரண்டு குரலும் மாறி மாறி வருவது, ஒவ்வொரு பகுதியும் முந்தையதைவிட ஒரு படி திறந்துகொண்டே போவது. அதில் கத்தரி வைப்பது பெரிய தப்பு.

இன்னொன்று 'ரிங் ரிங்'. ஒலிப்பதிவாளர் மைக்கேல் ட்ரெட்டோ, அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் கனமான ஒலியை ஸ்டாக்ஹோமில் கொண்டுவர ஒரு வழி கண்டுபிடித்தார். ஸ்பெக்டர் போல ஒரு அறை நிறைய வாத்தியக்காரர்களைக் கூட்டிவைக்கப் பணம் கிடையாது. அதனால் இருக்கிறவர்களையே மறுபடி மறுபடி வாசிக்க வைத்து அடுக்கினார். அடுக்கும்போது டேப்பின் வேகத்தை மயிரிழை மாற்றினார். சுருதி துளி விலகும், அந்த விலகலில் ஒலி தடித்துவிடும். பின்னால் 'டான்சிங் குயீன்' வரைக்கும் நாம் அபா என்று அடையாளம் காணும் அந்தப் பளபளப்பின் தொடக்கம் 'ரிங் ரிங்'. உலகம் முழுக்க விற்ற கோல்டில் அந்தப் பாட்டே இல்லை. இந்த இரண்டு காரணத்துக்காகவே என் ஓட்டு சிங்கிள்ஸுக்கு.

செம்பருத்தி:
வெட்டை 1999 மறுபதிப்பில் சரிசெய்துவிட்டார்களே! இன்று யார் வாங்கினாலும், எதில் கேட்டாலும் முழுப் பாட்டுதான் வருகிறது. பழைய சி.டி.யை வைத்து இன்றைய கேட்பவரைப் பயமுறுத்த வேண்டாம்.

சரி, இப்போது சிங்கிள்ஸ் பக்கம் வருகிறேன். 'வெளிவந்த வரிசையில் எல்லாம் இருக்கிறது' என்ற பெருமை முதலில் உண்மையா? 1974-ல் தனித் தட்டாக வந்த 'ஹனி, ஹனி' எங்கே? 1982 தொடக்கத்தில் வந்த 'ஹெட் ஓவர் ஹீல்ஸ்' எங்கே? விற்பனைப் பட்டியலில் சரியாக ஏறாத பாட்டை நைஸாக விட்டுவிட்டார்கள். அதே ஆல்பத்தில் அதைவிடத் தடுமாறிய 'ஸோ லாங்' மட்டும் இருக்கிறது. ஆக, அதுவும் தேர்ந்தெடுத்த பட்டியல்தான்.

அதைவிடப் பெரிய இழப்பு 'லே ஆல் யுவர் லவ் ஆன் மீ'. அது வழக்கமான ஏழு அங்குலத் தட்டாக வராமல் 1981-ல் பிரிட்டனில் பன்னிரண்டு அங்குலத் தட்டாக மட்டும் வந்தது. அப்படியும் ஏழாம் இடம் போனது. சிங்கிள்ஸில் அது கிடையாது. தேவாலயத்தில் பலர் கூடிப் பாடுவது மாதிரி எழும் பல்லவியும், கீழே இரக்கமில்லாமல் அடிக்கும் டிஸ்கோ தாளமும்! அந்தப் பாட்டு இல்லாத அபா தொகுப்பை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். 'தேங்க் யூ ஃபார் த மியூசிக்'கும் அதில் இல்லை.

தாளக்காரன்:
'லே ஆல்' விஷயத்தில் உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் தட்டில் எது வைக்கலாம் என்பதற்கு ஒரு விதி இருந்தது, அந்த விதியின் பலன் கடைசியில் கிடைக்கிறது. 'வின்னர்', 'சூப்பர் ட்ரூப்பர்', 'ஒன் ஆஃப் அஸ்', 'தி டே பிஃபோர் யூ கேம்', 'அண்டர் அட்டாக்'. இப்படி முடியும் தொகுப்பு வேறு எந்தக் குழுவுக்கு இருக்கிறது?

'தி டே பிஃபோர் யூ கேம்' பற்றி மட்டும் கொஞ்சம் பேசுகிறேன். 1982 ஆகஸ்டில் பதிவான பாட்டு. கிட்டத்தட்ட ஆறு நிமிடம். பல்லவி என்று ஒன்று கிடையாது. ஒரு பெண் தன் சாதாரண நாளைச் சொல்கிறாள்: ரயில் பிடித்தது, அலுவலகம் போனது, சாப்பிட்டது, வீடு திரும்பியது, டி.வி. பார்த்தது, படுத்தது. நிச்சயமாக நினைவில்லை, இப்படித்தான் இருந்திருக்கும் என்ற தொனி. பென்னியின் சிந்தசைசர்தான் ஏறக்குறைய முழு வாத்தியமும். அக்னேத்தா நடிப்பே இல்லாமல், சோர்ந்த குரலில் பாடுகிறார். பின்னால் ஃப்ரீடாவின் குரல் சொற்களே இல்லாமல் ஆப்பெரா மாதிரி எழும்புகிறது. வந்தவன் யார், நல்லவனா கெட்டவனா, அவள் பிழைத்தாளா என்று பாட்டு சொல்வதே இல்லை. பிரிட்டனில் 32-வது இடத்தில் நின்றுவிட்டது. என்னைக் கேட்டால் அபா எழுதியதிலேயே உச்சம் இதுதான். இந்தப் பாட்டும் 'அண்டர் அட்டாக்'கும் சிங்கிள்ஸுக்காகவே புதிதாகச் சேர்ந்தவை. கோல்டில் இரண்டுமே இல்லை.

நீலமணி:
'டே பிஃபோர்' வேண்டுமென்றால் 1993-ன் 'மோர் அபா கோல்டு' இருக்கிறதே. 'சம்மர் நைட் சிட்டி', 'ஈகிள்', 'தி விசிட்டர்ஸ்', 'ரிங் ரிங்', 'ஹெட் ஓவர் ஹீல்ஸ்', 'வென் ஆல் இஸ் செட் அண்ட் டன்' என்று 20 பாட்டு. அதுவரை வெளிவராத 'ஐ ஆம் த சிட்டி'யும் உண்டு. எனக்குப் பிடித்த தொகுப்பே அதுதான். கல்யாண வீட்டிலும் கடையிலும் கேட்டுக் கேட்டுக் காதுக்குப் பழகிப்போன பாட்டு அதில் ஒன்றுகூடக் கிடையாது. ஃப்ரீடாவின் குரல் எவ்வளவு பெரியது என்று 'வென் ஆல் இஸ் செட்' கேட்டுத்தான் எனக்குப் புரிந்தது. பென்னியும் ஃப்ரீடாவும் பிரிந்த 1981-ல் வந்த பாட்டு. ஸ்பானிஷ் மொழியில் பாடியவற்றைச் சேர்த்த 'ஓரோ'வையும் ஒருமுறை கேளுங்கள். அதில் 'சிக்கிட்டீட்டா' இன்னும் மென்மையாக இருக்கும்.

செம்பருத்தி:
நீலமணி, 'மோர் கோல்டு' எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது, பெயரே அப்படித்தான்.

தாளக்காரன், 'டே பிஃபோர்' பற்றி நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியோடும் ஒத்துப்போகிறேன். அதனால்தான் சொல்கிறேன், அது முதல்முறை கேட்பவருக்கான பாட்டு இல்லை. அந்தச் சோர்வு உறைக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் அந்தக் குரல் எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தாளக்காரன்:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! 21 பாட்டு கேட்டு வந்த பிறகு 22-வதாக அது வருகிறது. அந்த மகிழ்ச்சியைத் தெரிந்துகொண்டுதான் கேட்பவர் அங்கே வந்து சேர்கிறார்.

சரி, ஒரு கேள்வி. கோல்டு சி.டி. ஏறக்குறைய நிரம்பியிருக்கிறது. 'டே பிஃபோர்' உள்ளே வர வேண்டுமென்றால் எதை எடுப்பீர்கள்?

பழைய ரெக்கார்டு:
'ஐ ஹாவ் எ ட்ரீம்'.

செம்பருத்தி:
அது வேண்டாம் அண்ணா. ஸ்டாக்ஹோமின் சர்வதேசப் பள்ளிப் பிள்ளைகள் ஃப்ரீடாவோடு சேர்ந்து பாடும் பாட்டு அது. 1979 கிறிஸ்துமஸுக்குப் பிரிட்டனில் இரண்டாம் இடத்தில் நின்றது. மேலே இருந்தது பிங்க் ஃபிளாய்டின் 'அனதர் பிரிக் இன் த வால்', அதிலும் பள்ளிப் பிள்ளைகள்தான் பாடினார்கள். அந்தப் பாட்டை விட்டால் 'வின்ன'ருக்கு முன்னால் அமைதியே இல்லாமல் போய்விடும்.

'டஸ் யுவர் மதர் நோ'வை வேண்டுமானால் எடுக்கலாம். பியோர்ன் முன்னால் நின்று பாடுகிறார், இரண்டு பெண்குரலும் பின்னால் போய்விடுகிறது.

ஒலிப்பதிவு:
அவர்கள் ராக் வாசித்தால் எவ்வளவு இறுக்கமாக வாசிப்பார்கள் என்பதற்குக் கோல்டில் இருக்கும் ஒரே சாட்சி அது. வேண்டுமானால் 'வூலே வூ'வை எடுங்கள். அதே சூடு, அதே டிஸ்கோ 'கிம்மி'யிலும் இருக்கிறது.

செம்பருத்தி:
'வூலே வூ'வைத் தொடவே கூடாது. 'டஸ் யுவர் மதர்'தான் வெளியே. 'டே பிஃபோர்' அந்த இடத்தில் வராது, 'ஒன் ஆஃப் அஸ்' முடிந்ததும் வர வேண்டும். அக்னேத்தாவின் இரண்டு தனிமைப் பாட்டும் அடுத்தடுத்து. அதற்குப் பிறகு 'நேம் ஆஃப் த கேம்', 'தேங்க் யூ', கடைசியில் 'வாட்டர்லூ'. ஆறு நிமிடம் இருட்டில் இருந்தவரை வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து முடிக்க வேண்டும்.

தாளக்காரன்:
நான் 'வாட்டர்லூ'வுக்குப் பிறகு வைப்பேன். அதற்குப் பின்னால் எதுவும் வரக் கூடாது.