வளர்ப்புப் பிராணியிடமிருந்து வருத்தம் தொற்றிய அனுபவம் உண்டா?

கொக்குவிலான்:
ரொறன்ரோவில் தம்பி வீட்டில் ஃபெரெட் (கீரி மாதிரி ஒரு சின்னப் பிராணி) வளர்க்கிறார்கள். போன மாரியில் அவனுக்கு இன்புளுவென்சா. அவன் படுத்த கட்டிலிலேயே அதுவும் சுருண்டு கிடந்தது. பிறகு வீடியோவில் பார்க்கிறேன், அது விடாமல் தும்முகிறது, மூக்கில் சளிக் குமிழி ஊதி ஊதி உடைகிறது. மனிசரின் காய்ச்சல் அதற்குத் தொற்றும் என்று மிருக வைத்தியர் சொன்னாராம். அதிடமிருந்து எங்களுக்கும் வரும். லண்டனில் ஃபெரெட் தும்மி ஆய்வாளர் ஒருவருக்குக் காய்ச்சல் வந்ததை 1936இலேயே எழுதியிருக்கிறார்கள். அந்தக் குமிழி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மானிப்பாய் பூனைக்காரி:
அண்ணை, யாழ்ப்பாணத்தில் யாரிடம் ஃபெரெட் இருக்கிறது? பூனையைப் பற்றிக் கதைப்போம். மகளின் கழுத்தில் வட்டமாய்ச் சிவந்து, ஓரம் தடித்து, நடு வெளுத்து வந்தது. பாமசியில் தந்த கிரீமுக்கு முதலில் அடங்கியது, அப்புறம் முதுகுக்கும் படர்ந்தது. அதில் ஸ்டீரோயிட் இருந்ததாம். தோல் டொக்டர் படர்தாமரை என்றார். எங்கள் பேர்சியன் பூனைக்கு ஒரு மயிரும் கொட்டவில்லை. ஆனாலும் டொக்டர், "பிள்ளை பூனையை எப்படித் தூக்குவீங்கள்?" என்று கேட்டார். அவள் கையைக் கழுத்தடியில் வைத்துக் காட்டினாள். அதே இடம்!

சுன்னாகத்தான்:
அக்கா, படர்தாமரை மருந்துக்கு மாறிவிடும். விசர்நோய் (ரேபிஸ்) மாறாது. தெருவில் எடுத்த நாய்க்குட்டி ஒன்று அயல் வீட்டுப் பெடியனின் விரலைக் கடித்தது. அப்பம்மா மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்தா. நான் அவனைக் குழாயடிக்கு இழுத்துப் போனேன். ஊசி போட்டார்கள். அந்தக் கிழமையே குட்டி செத்தது. பெடியன் சுகமாய் இருக்கிறான்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கடித்தாலும் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் வேண்டாம். உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி இலவசம். "வீட்டு நாய்தானே" என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், குணங்குறி தொடங்கினால் காப்பாற்றுவது அநேகமாய் முடியாது. கடித்த மிருகம் செத்தால் புதைக்க முதல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பி.எச்.ஐ.) சொல்லுங்கள். தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பரிசோதிக்கலாம். நாய்க்கு வருடா வருடம் தடுப்பூசி போடுங்கள். பூனைக்கும் விசர் வரும் அக்கா, அதற்கும் போட வேண்டும். கொக்குவில் அண்ணை, ஃபெரெட்டுக்கும் விசர்த் தடுப்பூசி இருக்கிறது. போட்டாச்சோ என்று தம்பியிடம் ஒருக்கால் கேளுங்கள்.