வெருகல் - மூதூர் பக்கம் பொதுவில் ஓட மின் வாகனம்: திட்டம் எழுதித் தரச் சொல்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது?

ஈச்சிலம்பற்றான்:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை மாவட்டத்தில் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் "புகை விடாத, பலரும் சேர்ந்து பாவிக்கக்கூடிய போக்குவரத்து" என்று இரண்டு பக்கத்தில் ஒரு முன்மொழிவு கேட்டிருக்கிறார்கள். கூட்டத்தில் கதை தொடங்கி ஐந்து நிமிடம் ஆகவில்லை, மின்சார பஸ் கேட்போம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள், நானும் கை தூக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் இப்போது ஓடுகிற டீசல் பஸ்ஸே காலையில் படிக்கட்டில் ஆட்கள் தொங்கப் போகிறது, பத்து மணிக்குப் பிறகு பாதி காலி.

பிரதான வீதியில் பிரச்சினை இல்லை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்து, மற்றப் பாலங்களும் ஒவ்வொன்றாக வந்த பிறகு திருகோணமலைக்குப் போக 'பாதை'க்கு (வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்கு) காத்து நிற்கிற காலம் போய்விட்டது. கஷ்டம் வீதியிலிருந்து உள்ளே இருக்கிற ஊர்களுக்குத்தான். மூன்று, நான்கு கிலோமீட்டர் வெயிலில் நடை, இல்லாவிட்டால் தனி ஓட்டோ. கிளினிக்குக்குப் போய்வர ஓட்டோவுக்குக் கொடுக்கிற காசு சிலருக்கு அரை நாள் கூலி. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டுக்குக் கியூஆர் பங்கீடு வந்த நேரம் ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர்தான், அம்மாவை சைக்கிள் கரியரில் வைத்து மருந்துக்குக் கொண்டுபோனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதனால்தான் இதை ஏனோதானோ என்று எழுத மனமில்லை. பஸ்ஸா, வேனா, ஓட்டோவா? யாருடைய பெயரில்? கரன்ட் எங்கே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தோப்பூர் ஓட்டோ நானா:

தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்கள் கூட்டத்தில் ஓட்டோக்காரர் எத்தனை பேர் இருந்தார்கள்? ஒருவரும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். யாரோ உதவி என்று நாலு வாகனத்தை இலவசமாகக் கொண்டுவந்து இறக்கினால் அது எங்கள் வயிற்றில் அடி, ஸ்டாண்டில் சண்டை வரும், ஆறு மாதத்தில் அந்த வாகனம் யாரோ ஒருவருடைய மாமரத்துக்குக் கீழே நிற்கும். பார்த்த கதைதான் சொல்கிறேன்.

பகிர்ந்து போவது எங்களுக்குப் புதிதும் இல்லை. சந்தை நாளில் மூன்று பேரை ஏற்றி, ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குகிறோம்தானே. அதையே ஒழுங்காக, நேரம் சொல்லி, கட்டணம் எழுதி ஒட்டிச் செய்தால் சரி. வாகனத்தைச் சங்கம் வைத்திருக்கட்டும், ஓடுகிறவன் ஏற்கெனவே ஸ்டாண்டில் இருக்கிறவனாக இருக்கட்டும்.

மற்றது, விற்கிறவன் சொல்கிற கிலோமீட்டரை நம்ப வேண்டாம். எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவன் எலக்ட்ரிக் ஓட்டோ எடுத்தான். 120 ஓடும் என்றார்கள், மூன்று பேரும் அரிசி மூட்டையும் ஏறினால் 80, 85தான். அதைக்கூடச் சமாளித்தான். கொன்ட்ரோலர் (மோட்டருக்குக் கரன்டை அளந்து விடுகிற பெட்டி) எரிந்துபோய் சாமான் கொழும்பிலிருந்து வர இரண்டு மாதம் வீட்டில் இருந்தானே, அதுதான் பெரிய அடி. லீசிங்காரனுக்கு அந்த இரண்டு மாதம் தெரியாது.

கரன்ட் வேலை:

நானா சொன்னதோடு என் தொழில் கணக்கையும் சேர்க்கிறேன். பெற்றோல் ஓட்டோ 100 கிலோமீட்டருக்கு 4 லீற்றர் அளவில் குடிக்கும். மின் ஓட்டோ அதே தூரத்துக்குச் சார்ஜில் வீணாகிறதையும் சேர்த்து 10 யூனிட்டுக்குள் முடித்துவிடும், வீட்டில் இருக்கிற 15 அம்பியர் பிளக் போதும். பஸ் என்றால் ஒரு கிலோமீட்டருக்கே கிட்டத்தட்ட ஒரு யூனிட். நாளைக்கு 150 கிலோமீட்டர் ஓடினால் 150 யூனிட், அதைக் கிராமத்து லைனில் சும்மா கொழுவ முடியாது, பெரிய இணைப்பு எடுக்க வேண்டும். பஸ்ஸை விட்டுவிடுங்கள்.

புகை விடாது என்று எழுதுகிறீர்கள், சரி, எப்போது சார்ஜ் பண்ணப் போகிறீர்கள்? இரவில் ஏற்றினால் அந்தக் கரன்டில் ஒரு பங்கு நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்திலிருந்து வருவது, புகை இங்கே இல்லை, புத்தளத்தில். பின்னேரம் ஆறரையிலிருந்து பத்தரை வரை உச்ச நேரம், டீசல் மின் நிலையங்களும் ஓடும், அந்த நேரம் தொடவே வேண்டாம். பகலில் நிலைமை தலைகீழ். 2025 சித்திரை வருடப் பிறப்பு விடுமுறைக்குக் கூரைச் சோலார் வைத்திருக்கிறவர்களை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது, பாவிக்க ஆள் இல்லாமல் அவ்வளவு கரன்ட் மிஞ்சியது.

எங்கள் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பனல் நாளுக்கு 4 யூனிட் தரும் என்று வையுங்கள், மழை மாதங்களில் குறையும். 10 கிலோவாட் போட்டால் நாலு ஓட்டோவுக்குக் காணும். பற்றரி லெட் அசிட் என்றால் திரும்பிப் பார்க்காமல் வாருங்கள், ஒன்றரை வருடத்தில் செத்துவிடும். லித்தியம் இரும்பு பொஸ்பேட் 2000 தடவைக்கு மேல் சார்ஜ் தாங்கும், நாளுக்கு ஒருமுறை என்றால் ஐந்து வருடத்துக்கு மேல். ஆனால் அந்த ஐந்தாம் வருடக் காசை முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு டிக்கட்டிலும் கொஞ்சம் பிரித்து வைக்காவிட்டால் நானா சொன்ன மாமரம்தான். இன்னொன்று, மகாவலி பெருகினால் உங்கள் வீதிகளில் தண்ணீர் நிற்கும், பக்கத்தில் உப்புக் காற்று. மோட்டரும் பற்றரிப் பெட்டியும் ஐபி 67 தரமா (தூசியும் தண்ணீரும் உள்ளே போகாததா) என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

சம்பூர் ரீச்சர்:

எல்லோரும் வாகனத்தைப் பற்றியே கதைக்கிறீர்கள். யார், எப்போது, எங்கே போகிறார்கள் என்று யாராவது எழுதினீர்களா? பஸ் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று எந்த மனிதன் சொல்லப் போகிறான். வீடு வீடாகப் போய், போன கிழமை எங்கே போனீர்கள், போக நினைத்துப் போகாமல் விட்டது எது என்று கேளுங்கள். போகாமல் விட்டதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் பாடசாலையில் சாதாரண தரம் வரை ஒழுங்காக வந்த பிள்ளைகள் இரண்டு பேர், மேலே படிக்க மூதூருக்குப் போய்வர வழியில்லாமல் நின்றுவிட்டார்கள். அப்படியான பிள்ளை பஸ்ஸில் தலை எண்ணுகிற கணக்கில் வரவே வராது.

நான் என் பக்கத்தில் கவனித்தது: காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை பாடசாலை, எட்டு மணியை ஒட்டி கிளினிக், பிறகு ஒன்றரைக்குப் பாடசாலை விடும் வரை ஓட்டோக்கள் எல்லாம் நிழலில் நிற்கும். சார்ஜ் ஏற்றச் சொல்கிற நேரமும் அதுதானே! வெயிலும் எங்கள் நேர அட்டவணையும் இவ்வளவு பொருந்தும் என்று நான் யோசிக்கவே இல்லை.

சின்னச் சின்ன விஷயங்கள்: முன்பதிவு வட்ஸ்அப்பில் மட்டும் என்றால் ஆச்சிமார் வெளியே, ஒரு கடையின் சாதாரண போன் நம்பரும் வேண்டும். அந்தி பட்டால் யானை, ஆறு மணிக்குப் பிறகு உள் வீதிகளில் சேவை என்று எழுதிவிடாதீர்கள். (சத்தமே இல்லாத ஓட்டோ யானைக்குப் பக்கத்தில் போய் நிற்கும் வரை இருவருக்கும் தெரியாது!) அப்புறம் ஓட்டுகிறவர்களில் இரண்டு பெண்களாவது இருந்தால் பிள்ளைகளைத் தனியே அனுப்பத் தாய்மார் யோசிக்க மாட்டார்கள்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சம்பூருக்கு வர இருந்த நிலக்கரி மின் நிலையம் 2016இல் கைவிடப்பட்டது, அதற்காகப் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். இப்போது 120 மெகாவாட் சோலார், 2025 ஏப்ரலில் வேலையைத் தொடக்கி வைத்தார்கள். நல்லதுதான். அந்த வேலிக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளை பாடசாலைக்கு நடந்து போகிறது.

உவர்மலைக்காரன்:

நான் இப்போது வெளிநாட்டில், அதனால் பிழை என்றால் திருத்துங்கள். கலிபோர்னியாவில் ஹியூரன் என்று தோட்டத் தொழிலாளர் நிறைந்த சின்ன ஊர். நகரத்து ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போய்வர முழு நாளும் போய்விடும் என்பதால், ஊரில் கார் வைத்திருந்தவர்கள் காசு வாங்கி ஆட்களைக் கொண்டுபோவது அங்கே பழைய வழக்கம், அவர்களை ரைட்டேரோ என்பார்கள். 2018இல் அந்த வழக்கத்தை அப்படியே எடுத்து மின் கார்களில் ஒழுங்குபடுத்தினார்கள். நானா கேட்பதும் அதுதான்.

மூதூர் - திருகோணமலைக்குச் சோலார் படகு விடலாமே என்றும் யோசித்தேன். கேரளாவில் வைக்கத்தில் 2017 முதல் 75 பேர் போகும் ஆதித்யா ஓடுகிறது. ஆனால் அது காயல், அலை இல்லாத உப்பங்கழி. கொட்டியாரக் குடா வாடைக் காற்றுக்கு எப்படி எழும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாசி முதல் புரட்டாதி வரைக்கும் மட்டும் என்றால் ஒருவேளை. இரண்டு பக்கத்துக்குள் அதைத் திணிக்க வேண்டாம்.

ஈச்சிலம்பற்றான்:

எல்லோருக்கும் நன்றி. பஸ்ஸை வெட்டிவிட்டேன், சங்கத்தில் திட்டு விழும், பரவாயில்லை. முதல் பக்கம் முழுக்க ரீச்சரின் கேள்விகள், ஐம்பது வீட்டிலாவது கேட்டுவிட்டுத்தான் எண்கள் எழுதுவேன். இரண்டாம் பக்கம்: நாலு ஓட்டோ, பலநோக்கு மண்டபக் கூரையில் பனல், காலை ஒன்பதரைக்குப் பிறகு சார்ஜ், பற்றரிக்குத் தனிக் கணக்கு, ஒரு கொன்ட்ரோலர் மேலதிகமாக வாங்கி வைக்கவும் சேர்த்தேன். நானா, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு உங்கள் ஸ்டாண்டிலிருந்து மூன்று பேர் வர முடியுமா?

தோப்பூர் ஓட்டோ நானா:

ஞாயிறு கலியாண ஹயர் இருக்கிறது தம்பி. திங்கள் அஸர் (பின்னேரத்) தொழுகைக்குப் பிறகு வையுங்கள், ஐந்து பேராக வருகிறோம்.