பிரிட்ஜ் அவுகளுது, கடை யாருது?

மண்டபம் பெட்டிக்கடை:
கண்ணாடிக் கதவு பிரிட்ஜ் ஒண்ணு பெரிய கூல்டிரிங்ஸ் கம்பெனி குடுத்து மூணு வருசமாச்சு. போன வாரம் கீழ்த்தட்டுல பத்து ரூவா கேம்பா ஒரு வரிசை, பொவண்டோ ஒரு வரிசை அடுக்குனேன். லைன்ல அந்தக் கம்பெனி சரக்கு போட வந்த தம்பி கதவைத் திறந்து போட்டோ எடுத்துக்கிட்டு, "அண்ணே, வேற சரக்கு வச்சா பிரிட்ஜைத் தூக்கிருவாக"ன்னுட்டுப் போயிட்டான். இடம் என்னுது, கரண்டு பில்லு என்னுது. அந்த ரெண்டு வரிசையையும் எடுக்கவா, வேணாமா?

பழைய லைன்வண்டி:
எடுத்துருங்கண்ணே. 12 வருசம் பரமக்குடி - ராமேஸ்வரம் லைன் ஓட்டுனவன் சொல்றேன். அந்த பிரிட்ஜ் தானம் இல்ல, உங்க கடையில கண்ணுக்கு நேரா இருக்குற தட்டுக்குக் குடுக்குற வாடகை. எங்க அப்பத்தாவுக்கு எல்லாமே 'கலர்'தான். "கலர் ஒண்ணு சில்லுன்னு குடு"ன்னு கேக்கும், பேரு கேக்காது. அப்படிக் கேக்குறவுக கைக்கு எது முதல்ல வருதோ அதுதான் யாவாரம். சொந்த பிரிட்ஜ் வாங்கலாம்னு நினைக்காதீக. நம்மூரு உப்புக்காத்துல பின்கம்பி துருப்பிடிச்சு உதிரும். ரிப்பேருக்கு ஆள் அனுப்புறது அவுக செலவு.

பனங்காட்டான்:
அடிமைச் சாசனத்துக்கு வக்காலத்து வேறா? 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் கோக், பெப்சி வேண்டாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். மார்ச் 1 முதல் விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்களே அறிவித்தன. விருதுநகரில் 1916-இல் தொடங்கிய காளிமார்க் கம்பெனியின் பொவண்டோ இன்றும் விற்கிறது. யாரும் இலவச பிரிட்ஜ் கொடுத்தா அந்த ருசியை நம் நாக்கில் வைத்தார்கள்? சாயல்குடி வாருங்கள், பதநீர் நான் வாங்கித் தருகிறேன்.

பழைய லைன்வண்டி:
அறிவிச்சது சரி. என் லைன்ல அந்த மார்ச்சுல நின்ன கடைக அக்னி வெயில் தொடங்குறதுக்குள்ள திரும்ப கோக், பெப்சி பாட்டில் கேஸ் கேட்டுச்சு. பதநீரு எனக்கும் உசிரு, ஆனா மத்தியானம் தாண்டுனா புளிக்கும். அதை எந்த வண்டியில ஏத்தி தனுஷ்கோடிக்குக் கொண்டுபோவீக?

இன்னொண்ணு. கேம்பா என்ன குடிசைத் தொழிலா? ரிலையன்ஸ் 2022ல வாங்கி, அடுத்த வருசம் இறக்குன சரக்கு அது. கேஸ் அடைச்ச பானத்துக்கு வரி 40 சதவீதம். பத்து ரூவாயில ரெண்டு ரூவாய்க்கு மேல வரியே போயிரும். மிச்சத்துல பாட்டில், லாரி, ஏஜென்சி, கடை மார்ஜின் எல்லாம் அடங்கணும். நட்டத்தைத் தாங்குற மடி உள்ளவுகதான் அந்த விலைக்கு நிக்க முடியும். அந்த விலையில முதல்ல அடிபடப்போறது உங்க பொவண்டோ.

தங்கச்சிமடத்துக்காரி:
ரெண்டு பேரும் காலண்டரப் பாக்கவே இல்லையே. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். கலர் விக்கிற வெயிலும் அப்பத்தான், விசைப்படகு கரையில கட்டிக் கெடக்குறதும் அப்பத்தான். எங்க வீட்டுல மூணு புள்ளைக. முன்ன ஒரு இருவது ரூவா பாட்டில வாங்கி மூணு டம்ளர்ல ஊத்துவேன், எவனுக்குக் கூடன்னு சண்டை வரும். இப்ப சின்னவன் பத்து ரூவாயத் தூக்கிக்கிட்டு தனியா ஓடுறான். கேம்பா நொழைஞ்சது அந்த வழியாத்தான். தேசப்பற்றும் இல்ல, ருசியும் இல்ல.

நாட்டுச் சரக்குன்னு கண்ணீர் விடுறவுகளுக்கு ஒரு பழைய கதை. 1977ல கோக் நாட்டை விட்டுப் போச்சு. அதுக்குப் பாட்டில் போட்டுக்கிட்டிருந்த பியூர் டிரிங்ஸ் கேம்பா கோலாவ இறக்குனாக, பார்லே தம்ஸ்அப்ப இறக்குனாக. 1993ல கோக் திரும்பி வந்ததும் பார்லேகிட்ட தம்ஸ்அப், லிம்கா, கோல்டு ஸ்பாட், மாசா எல்லாத்தையும் வாங்கிருச்சு. கோல்டு ஸ்பாட்ட மூடிட்டு அந்த எடத்துல ஃபாண்டாவ வச்சாக. லிம்காவும் மாசாவும் நின்னுச்சு, கோக்குக்கே போட்டியான தம்ஸ்அப்பும் பொழைச்சுச்சு. தம்ஸ்அப்ப விட்டா அதைக் குடிக்கிற கூட்டம் பெப்சிக்குப் போயிரும்னு பயம். அதனால எவன் நம்மாளு, எவன் வெளியாளுன்னு பேரு வச்சுச் சொல்ல முடியாது. அண்ணே, பிரிட்ஜுக்குக் கையெழுத்துப் போட்ட தாள்ல, வேற சரக்கு வைக்கக்கூடாதுங்குறது பிரிட்ஜுக்குள்ளன்னு இருக்கா, கடைக்குள்ளன்னு இருக்கா?

பனங்காட்டான்:
அப்படியானால் எவன் வந்து எதை வைத்தாலும் விற்கலாம் என்கிறீர்களா? கம்பெனிக்காரன் மாறுவான், கை கட்டி நிற்கும் கடைக்காரன் மட்டும் மாற மாட்டான். நான் ஒப்பமாட்டேன்.

மண்டபம் பெட்டிக்கடை:
தாளைத் தேடி எடுத்துட்டேன். "குளிர்சாதனப் பெட்டிக்குள்" அப்படின்னுதான் இருக்கு. நேத்தே ஒரு தெர்மாக்கோல் மீன்பெட்டி வாங்கி வாசல்ல ஸ்டூல் மேல வச்சாச்சு. போட்டுக தொழிலுக்குப் போகாததால ஐஸ் கம்பெனியில கேட்டதும் குடுக்குறாக. கேம்பாவும் பொவண்டோவும் இப்ப அதுக்குள்ள. பஸ்ஸுக்கு நிக்கிறவுக பிரிட்ஜ் வரைக்கும் வர்றதே இல்ல, பெட்டிக்குள்ள கையை விட்டு அவுகளே எடுத்துக்கிறாக. லைன் தம்பி வந்து பிரிட்ஜை மட்டும் போட்டோ எடுத்துட்டு, போறப்ப பெட்டியில ஒரு பொவண்டோ எடுத்துக் குடிச்சான். காசு குடுத்துட்டான்.

பழைய லைன்வண்டி:
சிரிச்சுட்டேன்ணே. ஆனா அடுத்த மாசம் உங்களுக்கு ஸ்கீம்ல கேஸுக்கு ரெண்டு பாட்டில் ப்ரீ வராது பாருங்க. தாள்ல இல்லாததை அவுக அப்படித்தான் வசூல் பண்ணுவாக.

தங்கச்சிமடத்துக்காரி:
மீனுக்கு உடைக்கிற ஐஸா அண்ணே? புள்ளைக மூடியத் தொறந்ததும் நேரா வாய வைக்கும். கழுவித் தொடச்சுக் குடுங்க.

மண்டபம் பெட்டிக்கடை:
பெட்டி புதுசுதான்க்கா. வாளித் தண்ணியும் துண்டும் பக்கத்துலயே வச்சிருக்கேன்.