வானம் மட்டும் மீதமிருக்கும் கிராஸ் ஸ்டிட்ச் வேலையை எப்படி முடிப்பது?

மாலைத்தையல்:
அனைவருக்கும் வணக்கம். அலுவலகத்திலிருந்து திரும்பியபின் ஒரு மணி நேரம் கிராஸ் ஸ்டிட்ச், அதாவது கட்டத்துக்கு ஒன்றாகப் பெருக்கல் குறி வடிவில் போடும் குறுக்குத் தையல், போடுவது எனக்குப் பெரிய ஆறுதல். கட்டங்களை எண்ணிக்கொண்டே ஊசியை ஏற்றி இறக்கும்போது அன்றைய அலைச்சல் எதுவும் நினைவில் நிற்பதில்லை. தற்போது கையில் இருப்பது 200 கட்ட அகலமும் 250 கட்ட உயரமும் கொண்ட தோட்டவீட்டுப் படம். துணி 14 கவுண்ட் வெள்ளை ஐடா, அதாவது அங்குலத்துக்கு 14 கட்டங்கள் வரும்படி நெய்த துணி. வீட்டையும் பூச்செடிகளையும் ஆசையாகத் தைத்து முடித்தாயிற்று, வானத்துக்கு வந்ததும் வேலை நின்றுவிட்டது. ஒன்றுக்கொன்று வேறுபாடே தெரியாத ஐந்தாறு நீலங்கள், இங்கே ஒரு கட்டம், அங்கே இரண்டு கட்டம் எனச் சிதறிக் கிடக்கின்றன. மன அமைதிக்காகத் தொடங்கியது இப்போது அடைக்காத கடன்போல உறுத்துகிறது. இதை முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடங்க வேண்டுமா? வானத்தை விரைவாகத் தைக்க வழி உண்டா?

ஊசிக்காது:
முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 200-ஐ 250-ஆல் பெருக்கினால் 50,000 தையல்கள். மணிக்கு 150 தையல் என்று வைத்துக்கொண்டு, ஒரு நாளும் தவறாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஏறத்தாழ 11 மாதங்கள் ஆகும். படத்தின் அளவே அப்படி இருக்கும்போது, வேலை நிற்பதற்குச் சோம்பல்தான் காரணம் என்று நீங்கள் எண்ண வேண்டியதில்லை.

சிதறிய நிறங்களுக்கு, மெல்லிய நூலால் பத்துக்குப் பத்துக் கட்டங்களாகத் துணியில் கோடு ஓட்டிக்கொண்டு, ஒரு சதுரத்தை முழுவதும் முடித்த பின்னரே அடுத்த சதுரத்துக்குச் செல்லுங்கள். ஒரு நிறம் அந்தச் சதுரத்தில் முடிந்ததும் நூலை வெட்டாமல், அதே நிறம் அடுத்து வரும் கட்டத்தில் முன்பக்கமாக இழுத்துத் தொங்கவிட்டால், ஒவ்வொரு முறையும் நூலை முடித்துப் புதிதாகத் தொடங்கும் வேலை மிச்சமாகும். ஒரே நிறம் நீளமாக வரும் இடங்களில் பாதித் தையல்களை (பெருக்கல் குறியின் ஒரு சாய்கோடு மட்டும்) வரிசையாகப் போட்டுக்கொண்டே போய், திரும்பி வரும்போது குறுக்கே மூடும் டேனிஷ் முறை வேகமானது. எந்த முறையானாலும் மேலே வரும் தையல் படம் முழுவதும் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சம் படும்போது திட்டுத்திட்டாகத் தெரியும்.

மேட்டித்துணி:
மேலே சொன்னது சரியான முறைதான். ஆனால், அலுப்பூட்டும் பகுதியை ஒழுங்குபடுத்தி, அதே அலுப்போடு தைக்கும் வழியாகவே எனக்குப் படுகிறது. ஐந்தாறு நீலங்களை இரண்டாகக் குறைத்துவிடுங்கள். இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. அல்லது வானம் முழுவதையும் ஓரிழை நூலில் பாதித் தையலாக மட்டும் போடுங்கள். நிறம் வெளிறி, வானம் பின்னுக்குப் போய், வீடு எடுப்பாக நிற்கும். வேலையும் பாதியாகக் குறையும். வரைபடம் வடிவமைப்பாளருடையது என்றாலும் சுவரில் தொங்கப்போவது உங்கள் வீட்டில்தானே!

மெந்தி:
ஒன்றை முடிக்காமல் மற்றொன்றைத் தொடங்கக் கூடாது என்ற விதியை நான் ஏற்பதில்லை. பெரிய படத்துக்குப் பக்கத்தில் 42 கட்டத்துக்கு 42 கட்டம் கொண்ட சிறு பூ ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். 14 கவுண்ட் துணியில் அது சரியாக மூன்று அங்குலச் சதுரம். முழுவதும் நிரப்பினாலும் 1,764 தையல்கள்தான். முடித்துவிட்டோம் என்ற நிறைவு இடையிடையே கிடைத்தால் பெரிய வேலையும் தானாக நகரும்.

கர்நாடகத்தின் மரபுப் பூத்தையலான கசூத்தியில் மெந்தி எனப்படுவதும் குறுக்குத் தையலே. கோபுரம், தேர், யானை எனச் சின்னச் சின்ன உருவங்களை இரவிக்கையில் தைத்துப் பழகியதால்தான் நானே இதற்குள் வந்தேன். ஐடா அல்லாத துணியில் தைப்பதற்கு, தையல் முடிந்தபின் நனைத்து இழை இழையாக உருவி எடுத்துவிடும் கேன்வாஸ் கிடைக்கிறது.

மாலைத்தையல்:
மிக்க நன்றி. ஓரிழைப் பாதித் தையலை ஒரு மூலையில் போட்டுப் பார்த்தேன். நான் அஞ்சியதுபோல் துணி வெறுமையாகத் தெரியவில்லை. அப்படியே தொடரப் போகிறேன். சிறு பூவுக்கும் துணி வெட்டியாயிற்று. வானத்துக்கு நூல் எவ்வளவு வாங்க வேண்டும், முடிந்ததும் எப்படித் துவைப்பது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஊசிக்காது:
எட்டு மீட்டர் நூல் சிட்டத்தில் ஆறு இழைகள் இருப்பதால், ஓரிழையாகப் பிரித்தால் 48 மீட்டர் கிடைக்கும். நீங்கள் எண்ணுவதைவிடக் குறைவாகவே செலவாகும். ஆயினும், வெவ்வேறு முறை சாயமேற்றிய நூலில் ஒரே எண்ணுக்குள்ளும் சிறு வேறுபாடு வரக்கூடும் என்பதால், வானத்துக்குத் தேவையானதை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். முடிந்ததும் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புப் போட்டு அலசி, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, தடித்த துண்டின்மேல் தையல் கீழ்ப்பக்கம் இருக்குமாறு குப்புற விரித்து இஸ்திரி போடுங்கள். கோடு ஓட்டிய நூலை அதற்கு முன்பே உருவி எடுத்துவிட வேண்டும். சட்டம் போடுபவர் துணியை மடித்து இழுத்துக் கட்ட, நான்கு பக்கமும் மூன்று அங்குலமாவது விட்டு வையுங்கள்.